தும்பையின் கொம்பு

கருத்தையாவின் வலது கையில் மூன்று விரல்கள்தான் உண்டு. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் இல்லை. டீக்கடையில் அவன் இடது கையை நீட்டி கிளாசை வாங்குவதைப் பார்த்துப் புதிதாக யாராவது கேட்டால், "மோட்டார் பெல்ட்டுல மாட்டிக்கிட்டேன்" என்பான். அதற்கு மேலும் கேட்டால் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவான். ராஜபாளையத்தில் மில்லுக்கும் தறிக்கும் விரலைக் கொடுத்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அதனால் யாரும் அதைத் தோண்டித் துருவவில்லை. அது பச்சைப் பொய் என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். நாலாவதாகத் தெரிந்த ஜீவனுக்குப் பேச வராது, காதும் கேட்காது.

நாயோடு நாயாகவே வளர்ந்தவன் கருத்தையா. ஆனால் ஒரு நாய்கூட அவனுடையது இல்லை. மில் முதலாளி சுப்புராஜின் பங்களாவுக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகை ஒன்று இருந்தது. அதில் எப்போதும் ஏழெட்டு நாய்கள் நிற்கும். எல்லாம் அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய சாதி. பால் வெள்ளை முடி, ரோஸ் நிற மூக்கு, ஒட்டிய வயிறு, நெடுநெடுவென்ற கால். பதினெட்டு வயதில் அவன் அந்தக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தான். கஞ்சி காய்ச்சுவது, உண்ணி எடுப்பது, வருடா வருடம் மாட்டாஸ்பத்திரிக்கு நடத்திக் கொண்டுபோய் ஊசி போட்டு வருவது, குட்டி போடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாம் அவன் பாடு.

இன்னொரு வேலையும் உண்டு. அதற்கு அந்த வீட்டில் பெயர் கிடையாது. அந்தச் சாதி நாய்க்கு மேலில் ஒரு புள்ளி இருக்கக்கூடாது. காது நுனியில் செவலை விழுந்தாலும், முதுகில் கறுப்பு தெரிந்தாலும் வம்சம் கெட்டுவிட்டது என்று பொருள். குட்டி பிறந்த மறுநாள் சுப்புராஜ் கொட்டகை வாசலில் வந்து நிற்பார், உள்ளே வரமாட்டார். "எம்புட்டு?" என்று கேட்பார். நிறம் விழுந்த குட்டிகளின் எண்ணிக்கையைக் கருத்தையா சொல்வான். "சரி, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அவர் மில்லுக்குப் போய்விடுவார். அவ்வளவுதான். அத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து வேறு சொல் வந்ததே இல்லை. கொட்டகைக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது.

தாய் நாய் பக்கத்தில் இருக்கும்போது குட்டியைத் தொட முடியாது. அதற்குக் கருத்தையா ஒரு வழி வைத்திருந்தான். அலுமினியக் கும்பா ஒன்றில் பாலை ஊற்றி, இரண்டு முட்டையை அவித்துப் போட்டு, தாய்க்குத் தூரத்திலிருந்தே காட்டுவான். பெற்ற களைப்பில் பசித்துக் கிடப்பது எழுந்து வந்துவிடும். வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போய்க் கும்பாவை வைப்பான். அது நக்கி முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். திரும்பி வந்து பார்க்கும்போது இரண்டு மூன்று வெள்ளைக் குட்டிகள் மிச்சம் கிடக்கும். தாய் அதுகளைச் சுற்றிப் படுத்துக்கொள்ளும். அதற்கு எண்ணத் தெரியாது என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்.

எண்பத்தாறு கார்த்திகையில் தும்பை முதல் ஈத்துப் போட்டாள். தும்பைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அந்தச் சாதியில் அது அதிசயம் இல்லை. கூப்பிட்டால் வரமாட்டாள், கையைத் தூக்கிக் காட்டினால் எங்கிருந்தாலும் ஓடி வருவாள். காலடி அதிர்வை வைத்தே வருவது யார் என்று கண்டுகொள்வாள். கொட்டகையில் கருத்தையாவுக்கு மனசு ஒட்டிய நாய் அவள்தான். அவள் போட்டது ஆறு குட்டி. ஆறிலும் செவலை.

"ஆறுமா?" என்றார் சுப்புராஜ்.

"ஆறுந்தான் மொதலாளி."

"சரி, பாத்துக்க" என்றார்.

ஒன்றையாவது விட்டு வைக்கட்டுமா என்று கருத்தையா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வீட்டில் அவன் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. கும்பாவைத் தூக்கிக் காட்டினான். தும்பை வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அடி வரைக்கும் நக்கிக் குடித்தாள். திரும்பிப் போனபோது கோணிச்சாக்கு மட்டும் கிடந்தது. சாக்கை மோந்தாள், மூலை மூலையாக மோந்தாள். கடைசியில் அவனிடம் வந்து வலது கையை மோந்தாள். சோப்பு போட்டுக் கழுவிய கைதான். ஆனாலும் அவள் மூக்கை எடுக்கவே இல்லை. இது இதோடு போகாது என்று கருத்தையாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

எட்டாம் நாள் ஆரம்பித்தது. முதலில் அந்தச் சாக்கு நார் நாராகப் போயிற்று. பிறகு கொட்டகைக் கதவின் அடிச்சட்டம். அவிழ்த்து விட்ட அரைமணி நேரத்தில் முதலாளியின் பிரம்பு நாற்காலி. மருமகளின் கல்யாணச் செருப்பு. யாரோ கதவைச் சாத்த மறந்த அம்பாசிடர் காரின் பின் சீட்டு முழுசும். பல் ஊறுகிறது என்றார் டிரைவர். தின்ற கொழுப்பு என்றாள் சமையல்காரி. காத்து கருப்பு அடித்திருக்கிறது, கயிறு மந்திரித்துக் கட்டு என்றார் தோட்டக்காரர். தும்பை எதைக் கடித்தாலும் கோபத்தில் கடிக்கவில்லை என்பது கருத்தையாவுக்குத் தெரிந்தது. எதையாவது வாயில் தூக்கிக் கொட்டகைக்குக் கொண்டுபோவாள், சாக்கு கிடந்த இடத்தில் வைப்பாள், மோந்து பார்ப்பாள். அது அவள் தேடியது இல்லை என்று தெரிந்த பிறகுதான் கிழிப்பாள்.

சுப்புராஜுக்கு நாய் விஷயத்தில் ஒரு சட்டம் இருந்தது. முன்பு ஒருதடவை கொட்டகையில் இருந்த ஆண் நாய் ஒன்று தபால்காரர் காலைக் கவ்விவிட்டது. சாயந்தரமே இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்து வந்து புளியமரத்தடியில் முடித்துவிட்டார். குழி தோண்டியது கருத்தையாதான். "பொருளக் கடிச்சா பொறுத்துக்கிடலாம். ஆளக் கடிச்சா அது நாயே இல்ல" என்று அன்றைக்குச் சொன்னார். இப்போது பொருளுக்கும் பொறுமை குறைந்துகொண்டு வந்தது. கார் சீட்டுக்குப் பிறகு அவர் தும்பையைப் பார்க்கும் பார்வையே வேறாக இருந்தது.

அவள் வாய்க்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும், அது அவள் பல்லுக்கு நிற்கவும் வேண்டும். கருத்தையா தேட ஆரம்பித்தான். தேங்காய் மட்டை அரைமணி நேரம் தாங்கியது. பனை மட்டையின் கருக்கு ஈறைக் கிழித்தது. கறிக்கடையில் கெஞ்சி வாங்கி வந்த ஆட்டுக்கால் எலும்பு சில்லுச் சில்லாக உடைந்தது. ஒரு சில்லு மேலண்ணத்தில் குத்தி நின்று, கருத்தையா குறடு வைத்து உருவி எடுத்தான். அப்போதும் அவள் அவன் கையைக் கடிக்கவில்லை, நடுங்கிக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றாள். லாரி டயரை வெட்டிப் போட்டான். இரண்டு நாள் கழித்து மலத்தில் கறுப்புக் கறுப்பாக ரப்பர் வரவும் குடல் அடைத்துக்கொள்ளுமோ என்று பயந்து எடுத்துவிட்டான். மில்லில் கழிவு நூலை வாங்கிக் கை கனத்துக்கு முறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தான். நாலாம் நாள் பின்பக்கம் நூல் தொங்கியது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் அவனைத் திட்டிய திட்டு தெருவுக்கே கேட்டது.

அவன் பெண்டாட்டி வெள்ளத்தாய் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்த்தாள். ஒருநாள் முந்தானையில் முடிந்து ஒரு பழைய பிக்கரைக் கொண்டுவந்தாள். தறியில் நூல் ஓடத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துத் தள்ளுகிற கட்டி அது. எருமைத் தோலை மடித்து மடித்து அழுத்திச் செய்தது. நாளெல்லாம் அடி வாங்கியும் சீக்கிரத்தில் கிழியாது.

"இதக் குடுத்துப் பாருங்க. எரும உசுரோட இருந்தப்பக்கூட இம்புட்டுக் கெட்டியா இருந்திருக்காது" என்றாள்.

பிக்கர் பதினோரு நாள் தாங்கியது. கருத்தையா அந்தப் பதினோரு நாளும் நிம்மதியாகச் சாப்பிட்டான். பன்னிரண்டாம் நாள் தும்பை வாந்தியாக எடுத்துப் படுத்துவிட்டாள். தோலில் வருடக்கணக்காக ஊறியிருந்த தறி எண்ணெய் அவள் குடலைக் கெடுத்திருந்தது.

"பிள்ளைக்கிக்கூட நீங்க இப்பிடி அலைஞ்சதில்ல" என்றாள் வெள்ளத்தாய். "அந்த நாய்க்கும் ஒங்களுக்கும் என்னதான் கணக்கு?"

பெயரில்லாத அந்த வேலையைப் பற்றி அவன் அவளிடம் சொன்னதே இல்லை. நாய்க் கொட்டகையில் வேலை என்றால் கஞ்சி காய்ச்சுவது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

எண்பத்தேழு தை மாதத்தில் சுப்புராஜ் ஒரு முடிவுக்கு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி, செண்பகத்தோப்பில் மலையடிவாரத்தை ஒட்டி அவருக்கு மாந்தோப்பு இருந்தது. காட்டுப்பன்றிக்குக் காவலாக இருக்கட்டும் என்று தும்பையை அங்கே அனுப்பினார். பார்த்துக்கொள்ளக் கருத்தையாவும் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவான். கொட்டகைச் சாமான்களைச் சாக்கில் கட்டும்போது அந்த அலுமினியக் கும்பாவும் சேர்ந்து போயிற்று. அதைத் தோப்பு மோட்டார் ரூம் சுவரில், ஆணியில் கவிழ்த்து மாட்டினான். பிறகு அதைக் கையால் தொடவில்லை.

தோப்பில் கடிக்கப் பொருள் குறைவு என்று நினைத்தது தப்பு. மாங்கன்றுக்குக் கட்டிய முட்டுக்கம்புகள் போயின. கயிற்றுக் கட்டில் போயிற்று. சங்கிலியில் கட்டிப்போட்டால் சங்கிலியையே கடித்து ஒரு கோரைப்பல்லின் நுனியை உடைத்துக்கொண்டாள். எண்பத்தெட்டு மாசியில் மோட்டாருக்குப் போகும் ரப்பர் ஹோசை நாலு துண்டாக்கினாள். பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் ஐந்து நாள் தோப்புக்குத் தண்ணீர் இல்லை. சுப்புராஜ் காரில் வந்து இறங்கினார். பின் சீட்டில் துப்பாக்கி உறை கிடந்தது.

"இன்னும் ஒரு பொருள், கருத்தையா. ஒண்ணே ஒண்ணு. பொறவு நீ குழி தோண்டி வச்சிட்டு எனக்கு ஆளனுப்பு."

அவர் போன பிறகு கருத்தையா வெகுநேரம் வரப்பில் உட்கார்ந்திருந்தான். தும்பை அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எப்போதும்போல அவன் வலது கையை மோந்தாள்.

பங்குனியில் சுள்ளி பொறுக்க அடிவாரத்துக்குப் போனபோதுதான் அது கிடைத்தது. புதரடியில் சருகோடு சருகாக மிளா மான் உதிர்த்த கொம்பு கிடந்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு கிளை. தூக்கினால் கை தாழ்ந்தது. ஊசி முனையை ரம்பத்தால் அறுத்துவிட்டு, கல்லில் உரசி மழுக்கினான். இதுவும் ஒரு வாரம்தான் என்று எண்ணிக்கொண்டே தும்பையின் முன்னால் போட்டான்.

அவள் கடித்துப் பார்த்தாள். கொம்பு பிளக்கவில்லை, நார் உரியவில்லை, சில்லு தெறிக்கவில்லை. இரண்டு நாள் விடாமல் கடித்தாள். மூன்றாம் நாள் கடிப்பதை விட்டு நக்கத் தொடங்கினாள். மணலில் குழி பறித்து, கொம்பை நடுவில் வைத்து, அதைச் சுற்றிச் சுருண்டு படுத்தாள். வெயில் ஏறி நிழல் நகர்ந்தபோது கொம்பைப் பதமாகக் கவ்வி, அடுத்த நிழலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பல் பதியாமல் ஒரு பொருளை அவள் தூக்கிக் கருத்தையா அதற்கு முன் பார்த்ததில்லை. குட்டியைத் தூக்கும் தாய் அப்படித்தான் தூக்கும். ஆறையும் அப்படித் தூக்க அவளுக்கு ஒருநாள்தான் வாய்த்தது.

அதன் பிறகு தோப்பில் ஒரு கம்புகூடச் சேதமில்லை. சுப்புராஜ் மாம்பழக் காலத்தில் வந்து பார்த்துவிட்டு, "பரவால்லியே, திருந்திருச்சே" என்றார். அவர் நின்ற இடத்திலிருந்து பார்க்க, நாய் ஏதோ எலும்பை வைத்துக்கொண்டு படுத்திருந்தது. கருத்தையாவுக்கு மட்டும் பயம் விடவில்லை. பொருள் உடையாது என்பது சரி. ஆனால் அதை அவளிடமிருந்து யாராவது எடுத்தால் என்ன ஆகும்?

அந்த வருடக் கடைசியில் மலையணிலுக்காக அந்தக் காட்டைச் சரணாலயம் ஆக்கினார்கள். அதுவரை கண்டும் காணாமல் விட்டதெல்லாம் நின்றுபோயிற்று. சுள்ளி பொறுக்கப் போனவர்களையே திருப்பி விரட்டினார்கள். எண்பத்தொன்பது வைகாசியில் ஒரு திங்கட்கிழமை, ஃபாரஸ்ட் கார்டு மாரிச்சாமி சைக்கிளைத் தோப்பு வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். கருத்தையாவோடு பீடி பகிர்ந்துகொள்கிற ஆள்தான். அன்றைக்கு பீடி வேண்டாம் என்றுவிட்டார்.

"ஏலே கருத்தையா, அந்தக் கொம்பு இன்னமும் கெடக்கா?"

"கெடக்கு. ஏன்?"

"போன வாரம் ரெண்டு பேரக் கொம்போட புடிச்சி உள்ள வச்சிருக்கு. வெள்ளிக்கெழம ரேஞ்சர் இந்தப் பக்கம் தோப்பு தோப்பா வாராரு. ஒங்க மொதலாளியும் வந்து நிப்பாரு. கொம்பக் கண்டா கேஸ் ஒம்மேலதாம்லே, அவரு மேல வராது. அதுக்குள்ள அத இல்லாம ஆக்கிரு."

"நாய் வாயில கெடக்கதுக்கா கேஸு?"

"நாய் மேலயா கேஸ் போடுவாக?" என்றார் மாரிச்சாமி. அவர் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கருத்தையா கோழிக்கறி வேகவைத்து வைத்தான். தும்பை கொம்பையும் தூக்கிக்கொண்டு வந்து, அதன் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு தின்றாள். புதன்கிழமை கருவாடு. அப்போதும் அப்படியேதான். கயிற்றில் கட்டி இழுத்தால் கொம்பில்லாமல் ஓரடி எடுத்து வைக்கவில்லை. கொம்போடு சேர்த்து அவளை மோட்டார் ரூமில் அடைத்தால் ரேஞ்சர் முதலில் திறந்து பார்ப்பது மோட்டார் ரூமாகத்தான் இருக்கும். வியாழக்கிழமை முழுக்க அவன் எதுவும் செய்யாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து கரண்ட் இல்லை. தண்ணீர் பாய்ச்ச முடியாமல் தோப்பு காய்ந்துகொண்டு நின்றது. ஒன்பது மணி போல முதலாளியின் கார் வந்தது. அவர் இறங்கி வாசலிலேயே நின்றார். தூரத்தில், ரோட்டு வளைவில் ஜீப்பின் புழுதி தெரிந்தது.

கருத்தையா மோட்டார் ரூமுக்குள் போனான். தன்னிடமிருந்ததை விட்டு அவளை எழுந்து வரவைத்தது இந்த உலகத்தில் ஒரே ஒரு பொருள்தான். இருபத்திரண்டு வருடம் நாயோடு கிடந்தவன், அந்தப் பழக்கத்தையே நம்பினான். கும்பாவை ஆணியிலிருந்து எடுத்தான், தூசியைத் துண்டால் துடைத்தான், காலையில் வாங்கி வைத்திருந்த பாலை ஊற்றினான், முட்டையைப் போட்டான். மூன்று வருடம் ஆகப் போகிறதே, நாய்க்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது என்று நினைத்தான். அல்லது அப்படி நினைக்க ஆசைப்பட்டான்.

வெளியே வந்து கும்பாவைத் தூக்கிக் காட்டினான்.

தும்பை எழுந்தாள். கொம்பை மணலில் விட்டுவிட்டு எழுந்தாள். பக்கத்து மாமரத்தடியில் கும்பாவை வைத்துவிட்டுச் சுற்றிக்கொண்டு வந்து குழிக்குள் வலது கையை நீட்டினான். கொம்பு அவன் விரலில் பட்டது. அப்போதுதான் கவனித்தான், அவள் கும்பா பக்கம் போகவே இல்லை. கும்பாவைப் பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே திரும்பி, அவன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் குரைக்கவில்லை, உறுமவில்லை. கடித்தபோது எலும்பு நொறுங்கிய சத்தம் அவனுக்குத்தான் கேட்டது. வாயை அவளாகத்தான் திறந்தாள். பிறகு கொம்பைக் கவ்விக்கொண்டு நிதானமாக மாங்கன்றுகளுக்குப் பின்னால் போய்விட்டாள்.

ஜீப் நின்றது. சுப்புராஜும் ரேஞ்சரும் ஓடி வருவதற்குள் கருத்தையா கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு மோட்டார் ரூம் வாசலில் விழுந்து கிடந்தான். வலியைவிட ஒரே ஒரு நினைப்புதான் முன்னால் நின்றது: காரின் பின் சீட்டில் அந்த உறை கிடக்குமா?

"ஏமிரா, என்னடா ஆச்சு?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கத்தினார் சுப்புராஜ்.

"பெல்ட்டு மொதலாளி. மோட்டார் பெல்ட்டுல கைய விட்டுட்டேன்."

ரத்தத்தைப் பார்த்த ரேஞ்சர் தோப்பையாவது ஒன்றையாவது பார்க்கவில்லை. அவனைத் தன் ஜீப்பிலேயே தூக்கிப் போட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டச் சொன்னார். பின்னால் உட்கார்ந்து மாரிச்சாமி துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் காதோரம் குனிந்தார்.

"ஏலே, காலைலருந்து கரண்டே இல்லையேலே."

"செத்த சும்மா இரும்" என்றான் கருத்தையா.

டாக்டரிடமும் பெல்ட் என்றே சொன்னான். நொறுங்கிய இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். நாய் கடித்தது என்று சொல்லியிருந்தால் வயிற்றில் ஊசி போட்டிருப்பார்கள். சொல்லவில்லை, அதனால் போடவும் இல்லை. கட்டு மாற்றும்போது உள்ளங்கை ஓரத்தில் பல் பதிந்த தடத்தை வெள்ளத்தாய் பார்த்துவிட்டாள். நர்சு போகும்வரை வாயைத் திறக்கவில்லை.

"நான் தறியில நெஞ்ச துணி கடைசில ஒங்க கையச் சுத்தத்தான் வந்துருக்கு" என்றாள். பிறகு அடக்க முடியாமல் அழுதாள். "யாருக்காக மறைக்கிய? அந்தச் சனியனுக்காகவா?"

அன்றைக்குத்தான் அவன் எல்லாவற்றையும் சொன்னான். பெயரில்லாத வேலை, தொட்டி, கும்பா, ஆறு குட்டி எல்லாம். அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவனை யாரோ எவரோ மாதிரி பார்த்தாள். வருடா வருடம் தும்பைக்கு ஊசி போட்டிருக்கிறது, பயமில்லை என்று அவன் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. தினமும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவன் குடித்து முடிக்கிறானா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாலாம் நாள் சுப்புராஜ் வந்தார். கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஆர்லிக்ஸ் பாட்டிலை ஜன்னலில் வைத்தார்.

"அன்னிக்குக் கரண்ட் இல்ல, கருத்தையா. ஈ.பி. ஆபீஸுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். காலைல ஆறுலருந்து பன்னெண்டு வரைக்கும் இல்ல."

இனி மறைக்க ஒன்றுமில்லை.

"நாயா?" என்றார் அவர்.

"மொதலாளி, நான் அவகிட்டருந்து ஆறு எடுத்தேன். அவ ரெண்டுதான் எடுத்துருக்கா."

சுப்புராஜ் எழுந்தார். நேராக வெளியே போய்விட்டார். கார் கிளம்பிய சத்தம் கேட்டது. அது ராஜபாளையம் பக்கம் திரும்பியதா, செண்பகத்தோப்பு பக்கம் திரும்பியதா என்று படுத்திருந்தவனுக்குத் தெரியவில்லை.

பத்தாம் நாள் அனுப்பிவிட்டார்கள். வெள்ளத்தாயை பஸ் ஏற்றிவிட்டு, அவன் நேராகத் தோப்புக்கு நடந்தான். வழியெல்லாம் புளியமரத்தடிக் குழிதான் கண்ணில் நின்றது. வாசலில் முதலாளியின் கார் நின்றது. பின் சீட்டைப் பார்த்தான். உறை கிடந்தது, உள்ளே துப்பாக்கி இல்லை. அவன் உள்ளே ஓடினான்.

மோட்டார் ரூம் நிழலில், புதுக் கயிற்றுக் கட்டிலில் சுப்புராஜ் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி மடியில் குறுக்காகக் கிடந்தது. அவருக்கு இருபதடி எதிரில் தும்பை படுத்திருந்தாள். குழிக்குள் கொம்பு. அதை நக்கிக்கொண்டிருந்தவள், காலடி அதிர்வு தெரிந்ததும் தலையைத் தூக்கிக் கருத்தையாவைப் பார்த்தாள். வாலை ஆட்டவில்லை. மறுபடியும் குனிந்து நக்கத் தொடங்கினாள்.

"ஆறு நாளா வாரேன்" என்றார் சுப்புராஜ், அவன் பக்கம் திரும்பாமலே. "தெனமும் இதத் தூக்கிட்டுத்தான் வாரேன். ஒக்காந்து பாத்துட்டுப் போயிருதேன். அது அத நக்கிக்கிட்டே இருக்குடா. நெழலுக்கு நெழல் தூக்கிட்டுப் போவுது. குட்டின்னு நெனச்சிக்கிட்டிருக்கா?"

"ஆமா மொதலாளி."

"இந்த மூணு வருசமும் அதானா? நாக்காலி, காரு, ஹோசு, எல்லாம்?"

"ஆமா."

அவர் துப்பாக்கியைக் கட்டிலில் வைத்தார். "நீ ஒரு வார்த்த சொல்லலையேடா."

"நீங்க கேக்கலையே மொதலாளி."

இருபத்திரண்டு வருடத்தில் அவன் அவருக்குச் சொன்ன முதல் எதிர்ச்சொல் அது. சொல்லிவிட்டோமே என்று ஒரு கணம் பயந்தான், பிறகு அந்தப் பயமும் போயிற்று. சுப்புராஜ் கீழே பார்த்தார். மாமரத்தடியில் அந்தக் கும்பா கவிழ்ந்து கிடந்தது, பால் காய்ந்து எறும்பு அரித்து. அவருக்கு அது என்னவென்று தெரியாது. அவர்தான் ஒருநாளும் கொட்டகைக்குள் வந்ததில்லையே. கருத்தையா அதை இடது கையால் எடுத்துக் கிணற்றுக்குள் போட்டான். தண்ணீரில் விழுந்த சத்தம் வர நேரமாயிற்று.

அவன் திரும்பி வந்ததும் அவர்தான் பேசினார். "அந்த ரேஞ்சர் அடுத்த வாரம் திரும்ப வாராராம். கொம்பு கெடந்தா விடமாட்டாரு. என்ன செய்ய?" வழக்கமான அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லத்தான் அவர் வாயெடுத்தார். கருத்தையாவின் கைக் கட்டைப் பார்த்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

கருத்தையா தும்பையைப் பார்த்தான், கொம்பைப் பார்த்தான்.

"அவரே வந்து எடுக்கட்டும் மொதலாளி. நான் எடுக்கமாட்டேன்."

சொல்லிவிட்டு, இடது கையால் பானையைத் தூக்கிக்கொண்டு, அவளுக்குக் கஞ்சி காய்ச்ச அடுப்படிக்குப் போனான்.